பல் இல்லாவிட்டாலும் வாயைக் காட்டுங்கள்

(பினாங்கு, ஜார்ஜ்டவுன்: மூத்த குடிமக்களுக்கான வாய்நல உரை)



பள்ளிக்கூடத்துக்குப் பல் தாதி வந்த நாள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பெயரைக் கூப்பிட்டதும் வயிற்றைக் கலக்கியிருக்கும். அப்படி வந்த தாதியர் பலர் நம் பினாங்கில் படித்தவர்கள். பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பதற்கென்றே தாதியரைப் பயிற்றுவிக்கும் முறையை நியூசிலாந்து 1921-இல் தொடங்கியது. அதே வழியில் 1949-இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. அன்று கூப்பிட்டார்கள், போனீர்கள். இன்று உங்கள் பெயரைக் கூப்பிட யாரும் வருவதில்லை. நீங்களாகத்தான் பல் கிளினிக்குக்கு வர வேண்டும்.

"எனக்குத்தான் ஒரு பல்கூட இல்லையே, எதற்குப் பல் கிளினிக்?" என்று கேட்பவர்கள் உண்டு. பல் போனாலும் ஈறு இருக்கிறது, நாக்கு இருக்கிறது, கன்னம் இருக்கிறது. வாய்ப் புற்றுநோய் வருவது அந்த இடங்களில்தான்.

வாய்ச் சோதனையில் என்ன நடக்கும்?

பயப்பட ஒன்றுமில்லை. ஊசி கிடையாது, வலியும் இருக்காது. சில நிமிட வேலைதான். பல் செட் இருந்தால் முதலில் கழற்றச் சொல்வார்கள். பிறகு பல் மருத்துவர் உதடு, இரண்டு கன்னங்களின் உள்பக்கம், ஈறு, மேலண்ணம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். நாக்கை நீட்டச் சொல்லி இரண்டு ஓரங்களையும் பார்ப்பார். நாக்கின் அடிப்பக்கத்தையும் பார்ப்பார். கடைசியில் கழுத்தைத் தடவி, கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார். பக்கத்தில் நிற்கும் தாதி அதைக் குறித்துக்கொள்வார்.

வெற்றிலையை மறைக்காதீர்கள்

"வெற்றிலை போடுவீர்களா? புகையிலை சேர்ப்பீர்களா? சிகரெட், மது உண்டா?" என்று கேட்பார்கள். திட்டுவதற்காகக் கேட்பதில்லை. எந்த இடத்தைக் கூடுதல் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே கேட்கிறார்கள். மகனோ மருமகளோ பக்கத்தில் இருப்பதால் சொல்லக் கூச்சமாக இருந்தால், தாதியிடம் தனியாகச் சொல்லுங்கள்.

மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடம் அதிகம். நம் பெண்களுக்கும் அதிகம் வருகிறது. வெற்றிலை பாக்குப் பழக்கம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்" என்று சிலர் ஆறுதல் அடைவார்கள். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004-இல் வெளியிட்ட நூல் உறுதியாகச் சொல்கிறது.

கல்யாண வீட்டுத் தாம்பூலத் தட்டை யாரும் குறை சொல்லவில்லை. தட்டில் இருக்கட்டும். கன்னத்தில் அடக்கி வைப்பதுதான் கெடுதி. அடக்கியபடியே தூங்குவது அதைவிடக் கெடுதி. எத்தனை வருடப் பழக்கமானாலும், இன்று நிறுத்தினால் இன்றிலிருந்து ஆபத்து ஏறுவது நிற்கும்.

இரண்டு வாரக் கணக்கு

மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று வாயைப் பாருங்கள். இவற்றில் ஏதாவது இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் கிளினிக்குக்கு வாருங்கள்:

• ஆறாத புண்
• துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, அல்லது சிவப்புத் திட்டு
• வாயிலோ கழுத்திலோ கட்டி
• காரம் பட்டால் எரிச்சல், முன்போல் வாயைத் திறக்க முடியாமை
• விழுங்கச் சிரமம், நாக்கில் மரத்துப்போன உணர்வு

வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். இந்த நோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி வரும்வரை காத்திருந்தால் அது பெரிதாகி இருக்கும். சிறியதாக இருக்கும்போது கண்டால் சிகிச்சையும் சிறியது, பிழைக்கும் வாய்ப்பும் அதிகம்.

பல் செட் போடுபவர்களுக்கு

இரவில் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள். ஈறுக்கும் ஓய்வு வேண்டும். சுடுதண்ணீர் வேண்டாம், செட் கோணிப்போகும். மிருதுவான பிரஷும் சோப்பும் கொண்டு கழுவுங்கள். பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் விழும். கழுவும்போது கீழே தண்ணீர் நிறைந்த பாத்திரம் வைத்துக்கொண்டால், கை நழுவினாலும் உடையாது. செட் உரசிப் புண் வந்தால் வீட்டில் அரம் போட்டு ராவாதீர்கள். கிளினிக்குக்குக் கொண்டு வாருங்கள், சரிசெய்து தருவார்கள்.

வரும்போது மருந்துப் பையும் வரட்டும்

பசியாறிவிட்டு, வழக்கமான மருந்தைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். எல்லா மருந்துகளையும் கையோடு கொண்டு வாருங்கள். இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையைப் பல் பிடுங்குவதற்காக நீங்களாக நிறுத்தக்கூடாது. எலும்பு பலத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், பல் பிடுங்குவதற்கு முன்பே கட்டாயம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு ஈறு நோய் எளிதில் வரும். ஈறு கெட்டால் இனிப்பு நீரைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும்.

படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு

அவரைச் சாய்த்து உட்கார வையுங்கள். முடியாவிட்டால் தலையை ஒரு பக்கம் திருப்பி, மிருதுவான பிரஷில் துளிப் பற்பசை மட்டும் வைத்துத் துலக்குங்கள். பல் இல்லாவிட்டால் ஈரத் துணியால் ஈறையும் நாக்கையும் துடையுங்கள். வாயில் சேரும் அழுக்கு மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரலில் கிருமி தொற்றும்.

ஐயா, அம்மா, நான் சொன்னதில் ஒன்றே ஒன்று நினைவில் நின்றாலும் போதும்: இரண்டு வாரம். அதற்கு மேல் ஆறாத எதையும் மறைக்காமல் காட்டுங்கள். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்து அரசாங்கப் பல் கிளினிக்குக்கு வாருங்கள். தனியாக வரத் தயக்கமாக இருந்தால், பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டி வாருங்கள். அவருடைய வாயையும் பார்த்துவிடலாம்.