கழற்றாத வேடம்

(காவிரிப் படுகையிலே கிராமியக் கலைஞர்கள் கூடிய ஓர் இரவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தவிலையும் நாயனத்தையும் அருகிலே வைத்துக்கொண்டு, "பேச்சு எப்போது முடியும், ஆட்டம் எப்போது தொடங்கும்" என்று பொறுமையோடு காத்திருக்கும் கலைஞர்களே!

வேடம் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். தஞ்சைத் தரணிக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் வேறில்லை. நெல் விளைந்த அளவுக்கு இங்கே வேடமும் விளைந்திருக்கிறது. அவற்றிலே இரண்டு வகை உண்டு: கட்டி ஆடிக் கழற்றி வைக்கும் வேடம் ஒன்று, கட்டியதே தெரியாமல் கட்டிக்கொண்டு, கழற்ற மறுக்கும் வேடம் மற்றொன்று. எந்த வேடத்தைக் கண்டு நாடு நகைத்தது, எந்த வேடத்தைக் கண்டு நாடு நடுங்கியது என்பதே இன்றைய என் பேச்சு.

பொய்க்கால் குதிரை ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். காலிலே மரக்கட்டை. இடையிலே குதிரைக் கூடு. தலையிலே கிரீடம், அதிலே கண்ணாடிச் சில்லு. அரசரும் அரசியும் பவனி வருகிறார்கள். பல குழுக்களிலே அந்த அரசி, மீசை மழித்த ஓர் ஆண்மகன். குதிரைக்கோ கால் இல்லை. மன்னருக்கோ மண் இல்லை. மகாராணிக்கோ மறுநாள் கஞ்சி நிச்சயமில்லை! ஆயினும் என்ன மிடுக்கு, என்ன நடை, என்ன பார்வை! தோழர்களே, அந்த ஆட்டத்தின் பெயரைக் கவனித்தீர்களா? "பொய்க்கால்" என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். பொய்யைப் பொய் என்று பறைசாற்றிவிட்டு ஆடுகிற நேர்மை அது. கிராமியக் கூத்துகளுக்கு முழங்குகிற மேளத்துக்கும் நையாண்டி மேளம் என்றே பெயர். ஏழை அரசனாக வேடம் புனைந்தால், அரசனும் ஒரு வேடம்தானோ என்ற ஐயம் பார்ப்போர் உள்ளத்திலே எழுகிறது. அந்த ஐயத்தை விதைப்பதுதான் நையாண்டியின் வேலை.

ஆண் பெண்ணாக வேடம் புனைவது மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று சிலர் இன்று பேசுகிறார்கள். மெலட்டூருக்குப் போய்ப் பார்க்கட்டும். சாலியமங்கலத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். பாகவத மேளம் என்ற பெயரிலே, கோயில் விழாவிலே, வேதம் படித்த குடும்பத்து ஆடவரே தலைமுறை தலைமுறையாகப் பெண் வேடம் பூண்டு ஆடி வந்திருக்கிறார்கள். காமன் பண்டிகையிலே ரதியாக வந்து அழுதவனும் ஆண்தான். எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று விடிய விடிய லாவணி பாடியபோது, ரதியின் சேலையைப் பிடித்திழுத்து "நீ ஆணா, பெண்ணா" என்று எவரும் வழக்குப் போடவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் கம்பெனிகளிலே சிறுவர்கள் பெண் வேடத்திலே பாடியபோது, பட்டணத்துப் பெரிய மனிதர்கள் முன்வரிசையிலே அமர்ந்து பரவசப்பட்டார்கள்.

எனில், நம் நாடு வேடத்தை மதித்த நாடு என்று மார்தட்டிக்கொள்ளலாமா? பொறுங்கள்.

1684 முதல் 1712 வரை தஞ்சையை ஆண்டவர் மராட்டிய மன்னர் சாகஜி. அவர் தெலுங்கிலே "சதி தான சூரமு" என்றொரு நகைச்சுவை நாடகம் எழுதினார். தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்ணொருத்தியின் மீது மையல் கொண்டு பிதற்றுகிற பிராமண குருவும், அவருக்குச் சாத்திரம் சொல்லித் தடுக்கப் பார்க்கிற சீடனும் அதிலே வருகிறார்கள். அரண்மனையே விழுந்து விழுந்து சிரித்திருக்கும். ஆனால் அதே மன்னர்தான் 1693-இல் திருவிசநல்லூரை வேதம் கற்ற பண்டிதர்களுக்கு அக்கிரகாரமாக எழுதி வைத்தார். நையாண்டி மேடைக்குப் போயிற்று. நிலம் பழைய இடத்துக்கே போயிற்று! மன்னர் அனுமதித்த நகைப்பு, மன்னர் அனுமதித்த எல்லையிலே நின்றது.

பண்ணையாரும் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டார். ஆட்டத்துக்கு எண்ணெய் கொடுத்தார், வேட்டி கொடுத்தார், தம்மைப்போல் வயிறு தள்ளி நடந்து காட்டிய கோமாளிக்கு ஒரு ரூபாயும் கொடுத்தார். இரவிலே அவரும் சிரித்தார். விடிந்தது. களத்து மேட்டுக்குத் தாமதமாக வந்த பண்ணையாளுக்குச் சாணிப்பாலும் சவுக்கடியும் காத்திருந்தன. ஓரிரவு நகைத்துக்கொள்ள உரிமை; ஓராண்டு முழுதும் அடங்கிக் கிடக்கக் கட்டளை. சவுக்கு தாழ்ந்தது சிரிப்பினாலே அல்ல. செங்கொடியின் கீழே சங்கம் கண்டதனாலே. அந்தச் சங்கத்தின் அழுத்தம்தான் 1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தை வரவழைத்தது. 1961-இல் முப்பது தர ஏக்கர் என்றும், 1970-இல் பதினைந்து தர ஏக்கர் என்றும் நில உச்சவரம்பு வந்தது.

இனி, கடல் கடந்த ஊரின் கதை ஒன்றைக் கேளுங்கள். அந்நியக் கதை என்று அயர்ந்துவிடாதீர்கள். அதுவும் அரிசியிலேதான் தொடங்குகிறது.

அமெரிக்காவிலே சான் பிரான்சிஸ்கோ நகரம். ஜோஷுவா நார்ட்டன் என்றொரு வணிகர். 1852-ஆம் ஆண்டின் இறுதியிலே, சீனத்திலே பஞ்சம். அங்கிருந்து அரிசி வரத்து நின்றது. பவுண்டு 4 சென்ட்டுக்கு விற்ற அரிசி 36 சென்ட் ஆயிற்று. பெரு நாட்டிலிருந்து வந்த ஒரு கப்பல் அரிசி முழுவதையும், 2,00,000 பவுண்டை, 25,000 டாலருக்கு விலை பேசினார் நார்ட்டன். ஊர் அரிசியை ஒரு பிடியிலே அடக்கிவிடலாம் என்ற பேராசை! நம்மூரிலே நெல்லைக் குதிரிலே பதுக்கி, ஐப்பசியிலே விலையேறட்டும் என்று காத்திருந்த புண்ணியவான்களின் உடன்பிறப்பு அவர். ஆனால் அடுத்தடுத்துப் பெருவிலிருந்து கப்பல்கள் வந்தன. விலை 3 சென்ட்டுக்கு விழுந்தது. வழக்காடி, தோற்று, அனைத்தையும் இழந்த நார்ட்டன், 1859 செப்டம்பர் 17-இல் "நானே அமெரிக்காவின் சக்கரவர்த்தி" என்று பத்திரிகையிலே அறிவித்தார். பழைய இராணுவச் சட்டை, இறகு செருகிய தொப்பி, இடையிலே வாள்! 1880-இல் மறையும்வரை தெருவிலே உலவிய அவரை, ஊரும் சிரித்துக்கொண்டே சக்கரவர்த்தி என்றழைத்தது.

நூறாண்டு கழிந்தது. அதே நகரிலே ஹோசே சாரியா என்பவர், பிளாக் கேட் என்னும் மதுக்கடையிலே பணியாள். பெண் உடையிலே மேடையேறிப் பாடும் கலைஞர். ஆணை விரும்பிய ஆண். அதை ஒளிக்காதவர். அப்படி ஒளிக்காமல் இருப்பதே குற்றம் என்று கருதப்பட்ட காலத்திலே, 1961-இல் நகர ஆட்சிமன்றத் தேர்தலிலே நின்று 5,000-க்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்றார். பின்னர், அவரைப் போன்றோர் கூடிய மாறுவேட நடன விருந்திலே அவருக்கு "அரசி" என்று முடிசூட்டினார்கள். அவரோ, "அரசிப் பட்டம் எனக்கெதற்கு? நான் சக்கரவர்த்தினி, நார்ட்டனின் விதவை!" என்றார். 1965-இல் அந்த வேடிக்கை அரசவை உருவாயிற்று. அரிசிப் பேராசையால் அழிந்தவரின் சிம்மாசனத்துக்கு, ஊர் ஒதுக்கியவர் வாரிசு! கண்ணாடி மணிகள் வைரமாயின. கடன் வாங்கிய பட்டு அரசவை உடையாயிற்று. செல்வர் நடத்தும் முடிசூட்டும் நடனமும் எவ்வளவு நகைப்புக்குரியவை என்பதை, செல்வமற்றோர் நடத்திக் காட்டினார்கள். 2013-இல் மறைந்த சாரியாவின் உடல், நார்ட்டனின் கல்லறைக்கு அருகிலேதான் அடக்கம் செய்யப்பட்டது.

அந்நகரத்துக் காவலர்கள் சும்மா இருந்தார்களா? ஏமாற்றும் நோக்கத்தோடு எதிர்ப்பால் உடை அணிந்தான் என்று சொல்லி, பெண் உடையிலிருந்த ஆண்களைக் கைது செய்தார்கள். சாரியா என்ன செய்தார் தெரியுமா? "நான் ஆண்பிள்ளை" என்று எழுதிய சீட்டுகளைத் தயாரித்து, ஆளுக்கொன்றாகக் கொடுத்து, உடையிலே குத்திக்கொள்ளச் சொன்னார். ஏமாற்றம் எங்கே? சீட்டுத்தான் உண்மையைச் சொல்கிறதே! நம் பொய்க்கால் குதிரை தன் பெயரிலே வைத்திருக்கும் நேர்மையை, அவர்கள் நெஞ்சிலே குத்திக்கொண்டார்கள்.

இப்போது நான் கேட்கிறேன்: சீட்டுக் குத்தாமல் உலவுகிற வேடதாரிகள் யார்?

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக, ஒரு குடிசைக்குள்ளே 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கீழ்நீதிமன்றம் சிலரைத் தண்டித்தது. 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அந்தத் தீர்ப்பிலே ஒரு காரணம் கூறப்பட்டது: இவர்கள் நிலமும் செல்வமும் படைத்த மிராசுதார்கள், அவர்களிலே காரே வைத்திருப்பவரும் உண்டு, இத்தகையோர் வேலையாட்கள் துணையின்றித் தாமே நடந்து சென்று தீ வைத்தார்கள் என்பது நம்பத்தக்கதாக இல்லை என்று! தோழர்களே, சாட்சி சொன்னது யார்? கார் சொன்னது! வேட்டியின் சரிகை சொன்னது! ஏழை அரசனாக வேடம் கட்டினால் நகைக்கிறோம். செல்வனின் வேடமோ நீதிமன்றத்திலேயே நன்னடத்தைச் சான்றிதழாக நின்றது. இதைவிடக் கொடிய மாறுவேடம் எந்த மேடையிலே உண்டு?

சட்டம் எந்த வேடத்தைக் கண்டு அஞ்சியது என்பதையும் பாருங்கள். வெள்ளையர் 1871-இல் குற்றப் பழங்குடிகள் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன் ஒரு பகுதி, வடமாகாணங்களிலே இன்று நாம் திருநங்கையர் என்று மதிப்போடு அழைக்கும் மக்களைப் பதிவேட்டிலே ஏற்றியது. அப்படிப் பதியப்பட்டவர் பெண்ணுடையிலே தெருவிலே தோன்றினால், ஆடினால், பாடினால், பிடியாணையின்றிப் பிடிக்கலாம் என்றது. 1876-இல் நாடகத்தைத் தடுக்கச் சட்டம். வெள்ளையர் போன பிறகும் 1954-இல் சென்னை மாகாணத்திலே மீண்டும் ஒரு நாடகச் சட்டம், நடிகவேள் எம். ஆர். இராதாவின் மேடையை மனத்திலே வைத்து வந்தது அது என்பதை நாடறியும். அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாதென்று சென்னை உயர்நீதிமன்றம் அறிவிக்க 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கூத்தாடியின் வேடத்துக்குக் காவல் நிலையம். கோமானின் வேடத்துக்குக் கும்பிடு!

காலம் மாறவில்லையா? மாறியிருக்கிறது. 2008-இல் தமிழ்நாட்டிலே திருநங்கையருக்கென நலவாரியம் பிறந்தது. 2014-இல் மூன்றாம் பாலினத்தின் உரிமையையும், 2018-இல் மனமொத்த ஒருபால் உறவு குற்றமன்று என்பதையும் உச்சநீதிமன்றம் ஒப்புக்கொண்டது. தஞ்சை நால்வர் வழிவந்த கிட்டப்பா பிள்ளையிடம் இதே மண்ணிலே ஆண்டுக்கணக்கில் பயின்ற திருநங்கை நர்த்தகி நடராஜ், 2019-இல் பத்மஸ்ரீ பெற்றார். பாமா எழுதிய "மொளகாப்பொடி" கதையைக் "கட்டியக்காரி" குழுவினர் நாடகமாக்கினார்கள். தன் நிலத்திலே புல்லறுக்க வந்த ஏழைப் பெண்களின் கண்ணிலே மிளகாய்ப்பொடி தூவுகிற நிலவுடைமைக்காரியின் கதை அது. அதிலே திருநங்கையர் நடித்தார்கள். ஊர் ஒதுக்கிய உடல், ஊரை ஒடுக்கிய செல்வத்தின் மிடுக்கை நடித்துக் காட்டியது. பொய்க்கால் குதிரையின் நையாண்டிக்குப் புதிய வாரிசுகள் அவர்கள்.

ஆனால் சட்டம் திறந்த கதவை ஊர் திறந்திருக்கிறதா? அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். எதிரியிடம் அல்ல, உங்களிடம்!

இரவிலே கரகம் எடுத்து ஆடும் திருநங்கைக்குச் சீட்டியடிக்கிறான் ஒரு தோழன். விடிந்ததும் அவர் வாடகைக்கு வீடு கேட்டால், "இந்தத் தெருவிலே வேண்டாம்" என்கிறவனும் அவனே. கூலி உயர்வுக்கு முழக்கமிடுகிற வாய், வேலை கேட்டு வருகிற பால்புதுமை இளைஞனின் நடையைக் கேலி செய்கிறது. பண்ணையாரும் இப்படித்தானே இருந்தார்? இரவிலே ரசிகர், பகலிலே எசமானர்!

இன்னொன்றும் கேட்பேன், கசந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். மிராசுதாரின் வேடத்தை அவிழ்த்தெறிய நம் முன்னோர் இரத்தம் சிந்தினார்கள். அவிழ்ந்து கிடக்கும் அந்த வேடத்தை, குனிந்து எடுத்து நாமே கட்டிக்கொள்ளலாமா? வட்டிக்குக் கடன் வாங்கி, மண்டபம் நிறைய விளக்குப் போட்டு, வாசலிலே வாடகைக் கார்களை வரிசையாக நிறுத்தி, மணமகனைக் குதிரையிலே ஏற்றுகிறோம். பொய்க்கால் குதிரைக்காரன் சிரிக்கமாட்டானா? அவன் குதிரை பொய் என்று அவனுக்குத் தெரியும். நம் குதிரை பொய் என்பது கடன்காரன் வரும்போதுதான் நமக்குத் தெரிகிறது!

ஆகவே தோழர்களே, ஆடுங்கள்! பண்ணையாராக ஆடுங்கள், பட்டத்தரசியாக ஆடுங்கள். செல்வத்தின் செருக்கை நாடு பார்த்துச் சிரிக்கும்படி ஆடுங்கள். அந்தச் சிரிப்பு விடியலோடு முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்வது, பார்க்க வந்திருக்கும் நம் பொறுப்பு. வேடம் கட்டியவருக்கு வீடு கொடுங்கள், வேலை கொடுங்கள், சங்கத்திலே சமமான நாற்காலி கொடுங்கள். இரவெல்லாம் கைதட்டிய கை, விடிந்த பின் அவரைக் கைவிடாதிருக்கட்டும்.