ஓட்டுநரின் காதை நம்புங்க!

(போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

டியூட்டி முடிஞ்சு காக்கிச் சட்டையைக்கூட மாத்தாம வந்திருக்கும் ஓட்டுநர், நடத்துநர் சகோதரர்களே!

கே.எம்.பி.எல். என்று சொன்னாலே இங்கே பல பேருக்கு முகம் மாறுது. ஏன்? வண்டி ஓடி முடிஞ்ச பிறகுதான் "உனக்கு மைலேஜ் குறைஞ்சிருக்கு" என்கிறார்கள். எந்த இடத்தில், எதனால் குறைஞ்சதுன்னு யாரும் சொல்றதில்லை.

ஓட்டும் விதத்தில் டீசல் வீணாவது முக்கியமாக மூன்று இடத்தில்: கியர் மாற்றாமல் இன்ஜினைக் கதற விடுவது, வேகமா மிதிச்சு உடனே பிரேக் அடிப்பது, நின்ற வண்டியில் இன்ஜினை ஓட விடுவது.

முன்பக்க இன்ஜின் வண்டியில் நம்ம மூத்த ஓட்டுநர்கள் சத்தத்தைக் கேட்டே கியர் போட்டாங்க. தாழ்தளப் பேருந்தில் இன்ஜின் பின்னால் இருக்கு. அந்தச் சத்தம் காதுக்குச் சரியா எட்டாது. மீட்டரில் பச்சைப் பட்டை இருக்கு. ஆனா கண்ணு ரோட்டில்தானே இருக்கணும்?

காது சும்மாதான் இருக்கு. ஒரு விசில்னா நிறுத்தம், ரெண்டு விசில்னா ரைட். இத்தனை வருஷமா அப்படித்தானே ஓட்டுறோம்! அதுபோல இன்ஜின் பச்சையைத் தாண்டினால் மெல்லிசா ஒரு 'டிக்', சும்மா நின்று ஓடினால் வேறொரு ஒலி. அந்த நொடியிலேயே கால் தானா இறங்கும்.

2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார்களில் 80 கி.மீ. தாண்டினால் எச்சரிக்கை ஒலி கட்டாயம். வேகத்துக்கு வைத்ததை டீசலுக்கு வைக்க முடியாதா?

ஒரு கணக்குப் போடுவோம். தினம் 300 கி.மீ. ஓடும் பஸ் லிட்டருக்கு 5 கி.மீ. கொடுத்தால் 60 லிட்டர் வேணும். அதுவே 5.25 கொடுத்தால் 57 லிட்டர் சொச்சம் போதும். 100 பஸ் உள்ள பணிமனையில் தினம் 280 லிட்டருக்கு மேல் மிச்சம்!

ஆனால் நம் நிபந்தனைகளையும் கேட்டுக்கோங்க. சத்தம் ஓயாமல் கத்தக் கூடாது. கத்தினால் ஒயரைப் பிடுங்கிப் போடத்தான் தோணும். எத்தனை முறை ஒலித்தது என்று எண்ணி மெமோ கொடுக்கக் கூடாது. டயரில் காற்று, இன்ஜெக்டர் பராமரிப்பு, நடைமுறைக்கு ஏற்ற ஓட்ட நேரம், இதெல்லாம் நிர்வாகத்தின் கடமை. அதை ஓட்டுநர் தலையில் கட்டக் கூடாது.

மிச்சமாகும் டீசலில் ஓட்டுநருக்கும் ஒரு பங்கு ஊக்கத்தொகையா வரணும். அதுவரை கேட்டுக்கொண்டே இருப்போம்!