பறை வாழட்டும், கட்டாயம் சாகட்டும்!

(கலைக்குழுத் தோழர்களின் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)

தோழர்களே!

நாட்டுப்புறக் கலைகள் நலிகின்றன, அவற்றைக் காக்க வேண்டும் என்று மேடைதோறும் முழங்கக் கேட்கிறோம். நல்ல முழக்கந்தான். ஆனால் காப்பவர் யார்? எதைக் காப்பது? எந்த விலை கொடுத்துக் காப்பது? இம்மூன்று வினாக்களுக்கும் விடைகாண ஒரு கருவியைத் துணைக்கழைக்கிறேன். அதன் பெயர் பறை.

பறைதல் என்றால் சொல்லுதல். மலையாள மண்ணில் அச்சொல் இன்றும் அப்பொருளிலேயே வழங்குகிறது. நிலத்துக்குரிய கருப்பொருள்களை எண்ணிய தொல்காப்பியர், தெய்வத்தோடும் உணவோடும் பறையையும் சேர்த்தே எண்ணினார். குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று வகுத்துக் காட்டினர் உரையாசிரியர்கள். நிலந்தோறும் ஒலித்த கருவி அது!

அந்தக் கருவிக்கு நேர்ந்த கதி என்ன? ஒரு குலத்தின் தோளில் அதை மாட்டினார்கள். அந்தக் குலத்தையே ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். அதன் பெயரை, ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில், ஆங்கிலமும் தன் அகராதியில் ஏற்றிக்கொண்டது. ஊர்த் தெருவில் சாவு விழுந்தால் சேரிக்கு ஆள் வரும். வந்து அடி என்பான். கூலி? கொடுத்தது கூலி! மறுத்தால்? வேலை இல்லை, வழி இல்லை, உதை உண்டு! இதற்குத்தான் ‘மரபு’ என்று பெயர் சூட்டினார்கள்.

தோழர்களே, அப்படிக் காக்கப்பட்ட கலை, கலைஞனின் முதுகில் ஏற்றிய சுமை. ஆகவேதான், “இனி அடிக்க மாட்டோம்” என்று பல ஊர்களில் ஒடுக்கப்பட்டோர் உறுதி பூண்டனர். பறையை உடைத்தவர் உண்டு, எரித்தவரும் உண்டு. அவர்களைப் பண்பாட்டின் பகைவர் என்று பழிக்கலாமா? தீண்டாமையை ஒழித்தது 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. கட்டாய உழைப்பைத் தடுத்தது 23-ஆம் பிரிவு. ஏட்டில் இருந்த அந்த எழுத்துகளுக்குத் தெருவில் உயிர் கொடுத்தவர்கள் அவர்கள்!

அதே மக்களிடமிருந்து இன்னொரு குரலும் எழுந்தது. “இழிவு செய்தவன் மனிதன், கருவி என்ன குற்றம் செய்தது?” என்றது அந்தக் குரல். ஆண்களே அடித்துவந்த பறையைத் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பெண்கள் ஏந்தினார்கள். சென்னையில் புத்தர் கலைக்குழு அதை விடுதலைக் கருவியாக முழங்கியது. மதுரை மாவட்டத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கல்லூரி மாணவர் கற்கிறார்கள். அமெரிக்கத் தமிழ்ச் சங்க விழாக்களிலும் பறை ஒலிக்கிறது.

கற்பது எளிதென்று எண்ணாதீர். மரத்துண்டுகளை வளைவாக இழைத்து, இரும்புப் பட்டையால் பிணைத்து வட்டமாக்க வேண்டும். புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டி இழுத்துக் கட்ட வேண்டும். ஈரக்காற்றில் தோல் தளரும். வைக்கோல் தீயில் காய்ச்சினால்தான் குரல் எழும். எவ்வளவு காய்ச்சுவது? விரல் நுனியால் தட்டிப் பார்க்கும் ஆசானுக்குத் தெரியும். ஒரு கையில் மெல்லிய சிண்டுக்குச்சி, மறு கையில் தடித்த அடிக்குச்சி. இரண்டும் பேச, கால்களும் சேர்ந்து பேச வேண்டும். இந்த அறிவு அருங்காட்சியகப் பெட்டியில் அடங்காது. கையிலிருந்து கைக்குத்தான் செல்லும். அந்தக் கைக்குச் சோறும் மதிப்பும் வேண்டாமா?

மக்கள் மரபுகளைக் காக்க 2003-இல் யுனெஸ்கோ ஓர் உடன்படிக்கை கண்டது. 2005-இல் இந்தியாவும் அதனை ஏற்றது. எது தம் மரபு என்று உணர்ந்து ஏற்க வேண்டியவர்கள் அதற்குரிய மக்களே என்கிறது அது. மனித உரிமைக்கு ஒத்த மரபையே அது கருத்தில் கொள்ளும் என்றும் வரையறுக்கிறது. உலக மன்றம் ஒப்பிய இந்த உண்மையை நம் ஊர் மன்றம் ஒப்ப வேண்டாமா?

ஆகவே, தோழர்களே, உங்களுக்குச் சில பணிகள் உண்டு. பறையிசைக்க அழைத்தால் பேசிய ஊதியத்தை முன்னதாகக் கொடுங்கள். துண்டறிக்கையில் பேச்சாளர் பெயரைப் பெரிதாகப் போடுகிறீர்களே, பறை ஆசானின் பெயரையும் போடுங்கள். மேடையில் அவருக்கு நாற்காலி இடுங்கள். நீங்கள் கற்றால் யாரிடம் கற்றோம் என்பதை மறவாதீர். விழாவில் பறைக்கு மாலை, ஊரில் பறையடிப்பவருக்குத் தனிக்குவளை என்றால், அந்த மாலை வெறும் வேடம்! சாவு வீட்டில் அடிக்க மறுத்தவரை எந்த ஊராவது மிரட்டினால், மறுத்தவர் பக்கம் முதலில் நிற்பவர் நீங்களாக இருக்க வேண்டும்.

அடிப்பேன் என்பது அவர் உரிமை. அடிக்க மாட்டேன் என்பதும் அவர் உரிமை. இரண்டாவது உரிமை இருக்கும் ஊரில்தான் முதலாவது கலையாகும். அத்தகைய ஊர்களைப் படைப்போம். அங்கே பறை தானே முழங்கும்!