கிருஷ்ணகிரிக்கு வந்துபோன ரயில்

கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகர். ஆனால் அங்கே ரயில் நிலையம் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது! 1905-இல் திருப்பத்தூரிலிருந்து இரண்டரை அடி அகலப் பாதையில் குட்டி ரயில் வந்தது. மொரப்பூர்–தருமபுரிப் பாதை 1913-இல் இதே மாவட்டத்து ஓசூர் வரை நீண்டது. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவர வேண்டுமே, அதற்காகப் போட்ட பாதைகள் இவை. பின்னாளில் இரண்டையும் மூடிவிட்டார்கள்.

பிறகு சேலம்–பெங்களூரு பாதையால் ஓசூருக்கு ரயில் திரும்பியது. கிருஷ்ணகிரிக்கு இன்றுவரை இல்லை.

2024 ஜூனில் ஓசூருக்கு விமான நிலையம் அறிவித்தார்கள்: 2,000 ஏக்கர், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளுக்கான வசதி. வரட்டும். ஆனால் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டுக்கு ஓடுகிறவர் விமானத்தில் போகப் போவதில்லை. ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான்; எல்லையிலுள்ள அத்திப்பள்ளி நெரிசலில் சிக்கினால்தான் அது எவ்வளவு தூரம் என்று தெரியும். அவருக்கு வேண்டியது அடிக்கடி ஓடும் மின்சார ரயில், ஸ்டேஷனில் சைக்கிளைப் பூட்டி வைக்க ஒரு நிறுத்தம்.

ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், ஓடுபாதையோடு தண்டவாளத்தையும் கேளுங்கள்.