விரலைப் பாருங்கள்



பெங்களூரு ஜெயநகரில் சஞ்சய் காந்தி மருத்துவமனை இருக்கிறது. அது கர்நாடக அரசு நடத்துவது. விபத்தில் எலும்பு முறிந்தவர்கள் அங்கே போகிறார்கள்.

இதுபோன்ற மருத்துவமனைகளில் மாவுக்கட்டுப் போட்ட பிறகும் நர்ஸ் அடிக்கடி வந்து பார்ப்பார். ஏன்? அடிபட்ட இடம் வீங்கும். கட்டு விரிந்து கொடுக்காது. உள்ளே இறுக்கம் கூடும். ரத்த ஓட்டம் குறையும்.

நர்ஸ் விரல் நகத்தை அழுத்தி விடுவார். நகம் வெளுக்கும். 2 நொடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். விரல் சில்லென்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். "தொடுவது தெரிகிறதா? விரலை மடக்குங்கள், நீட்டுங்கள்" என்பார். அடிபடாத கையையும் பார்த்து ஒப்பிடுவார்.

வீடு திரும்பிய பிறகு வீட்டாரும் இப்படிப் பார்க்கலாம். மாத்திரை போட்டும் வலி கூடுகிறதா? விரலை நீட்டினால் உயிர் போகிறதா? விரல் வெளுக்கிறதா? நீலமாகிறதா? மரத்துப் போகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில மணி நேரம் தாமதித்தாலே தசை செத்துவிடும். கை முடங்கிப் போகலாம்.

நாட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கட்டுக்கும் இது பொருந்தும். எந்தக் கட்டானாலும் விரலைப் பார்க்க வேண்டும்.