பதில் சொன்னது யார்?

அமெரிக்காவில் பெரும்பாலான சிறிய விமான நிலையங்களில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. 'இதோ இறங்குகிறேன்', 'இதோ புறப்படுகிறேன்' என்று விமானிகளே ரேடியோவில் சொல்லிக்கொள்வார்கள். சிக்னல் இல்லாத நாற்சந்தியில் ஹாரன் அடித்துத் திரும்புகிறோமே, அதுபோல.

1996 நவம்பர். இல்லினாய் மாநிலம், குவின்சி நகரில் அப்படியொரு விமான நிலையம். மாலை நேரம். ஒரு பயணிகள் விமானம் இறங்க வருகிறது. குறுக்கே செல்லும் ஓடுபாதையின் முனையில் இரண்டு சிறிய விமானங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. 'புறப்படப் போகிறீர்களா, நிற்பீர்களா?' என்று இறங்க வரும் விமானிகள் முன்னால் இருப்பவரைக் கேட்கிறார்கள். 'நிற்கிறேன்' என்று பதில் வருகிறது. பதில் சொன்னவர் பின்னால் நின்றவர்! அந்த நேரம் பார்த்து இறங்கும் விமானத்துக்குள் ஓர் எச்சரிக்கைக் குரல் குறுக்கிட்டது. சொன்னது யார் என்று பிடிபடவில்லை; முன்னால் இருப்பவர்தான் என்று நினைத்து இறங்கினார்கள். முன்னால் நின்றவர் வாயே திறக்கவில்லை. அவர் கிளம்பிவிட்டார்.

ஓடுபாதைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மோதல். இரு விமானங்களிலும் இருந்த 14 பேரும் இறந்தார்கள். நினைத்தாலே மனம் பதறுகிறது.

பதில் வந்தால் போதாது நேயர்களே. சொன்னது யார் என்று தெரிய வேண்டும். சந்தேகம் இருந்தால் மறுபடி கேட்க வேண்டும். இறங்காமல் மேலேறி ஒரு சுற்று வரலாம். கண்ணாலும் பார்க்க வேண்டும்; ரேடியோவே இல்லாத விமானங்களும் கோபுரமில்லா நிலையங்களில் பறக்கின்றன.