யாருடைய பணத்தில் யாருக்கு அரங்கம்?

(புதுக்கோட்டையில் நடைபெற்ற கருத்தரங்கம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2024 ஆகஸ்டில் திருவண்ணாமலை, நாமக்கல், காரைக்குடி ஆகிய ஊர்களோடு சேர்த்து நம் புதுக்கோட்டையும் மாநகராட்சி ஆனது. அன்றிலிருந்து டீக்கடையில் உட்கார்ந்தால் ஒரே பேச்சாக இருக்கிறது. பெரிய ஸ்டேடியம் வரணும், கீழராஜ வீதியைப் பளபளன்னு ஆக்கணும், மதுரைக்காரனுக்குக் கட்டிக் கொடுத்த மாதிரி நமக்கும் ஒரு ஜல்லிக்கட்டு அரங்கம் வேணும், அப்பத்தான் ஊர் எந்திரிக்கும் என்கிறார்கள். நம் பிள்ளைகளும் இதை நம்பிப் பேசுகிறார்கள். கோடிகளைக் கொட்டிக் கட்டிடம் எழுப்பினால் நலிந்த ஊர் எழுந்துவிடுமா என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாம் நகரத்துக்கு எதிரிகள் இல்லை. கிராமத்தைச் சொர்க்கம் என்று மற்றவர்கள் பாடிக் கொண்டிருந்த காலத்தில், அது சாதியின் கோட்டை என்று சொன்னவர் அண்ணல் அம்பேத்கர். கிராமத்தில் தனிக் குவளையில் டீ குடித்தவன் புதுக்கோட்டை பேருந்து நிலையத்தில் எல்லோரும் குடிக்கிற டம்ளரில் குடித்தான். வாடகைக்கு வீடு கேட்டால் இன்றைக்கும் சுற்றி வளைத்துச் சாதி கேட்கிறார்கள்தான். ஆனாலும் தலை நிமிர்ந்து நடக்க நமக்கு முதலில் கிடைத்த இடம் நகரம். அது நலிந்தால் அதிகம் இழப்பதும் நாம்தான். அதனால்தான் இந்தக் கேள்வியை மற்றவர்களுக்கு விட்டுவிட முடியாது.

சரி, ஒரு நகரம் எதனால் வாழ்கிறது? கீழராஜ வீதியில் ஒரு ஜவுளிக்கடை ஓட வேண்டுமானால், அன்னவாசலிலிருந்தும் கந்தர்வகோட்டையிலிருந்தும் ஆலங்குடியிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர் கையில் கூலிப் பணம் இருக்க வேண்டும். வற்றாத ஆறு இல்லாத வறண்ட மாவட்டம் இது. நம் இளைஞர்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்ச் சம்பாதித்து அனுப்புகிற பணத்தில் பாதி ஊர் ஓடுகிறது. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடித்தது. தோப்பு வைத்திருந்தவருக்குத் தென்னை போனது. அந்தத் தோப்பில் தேங்காய் பறித்து, உரித்து, சுமந்தவருக்கு வேலை போனது. விழுந்த மரங்களை எண்ணி நிவாரணக் கணக்கு எழுதினார்கள். கூலி இழந்தவரிடம் எண்ணிக் காட்ட என்ன இருந்தது? அடுத்து வந்த பொங்கலுக்கு வியாபாரம் எப்படி இருந்தது என்று நகரத்துக் கடைக்காரர்களைக் கேளுங்கள். சுற்றுப்புறத்து உழைப்பாளியின் கை வறண்டால் ராஜ வீதியும் வறண்டுவிடும்.

இப்போது அரங்கத்துக்கு வருவோம். மதுரை மாவட்டம் அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் கீழக்கரையில் ஜல்லிக்கட்டு அரங்கம் 2024 ஜனவரி 24 அன்று திறக்கப்பட்டது. 66 ஏக்கருக்கு மேல் நிலம். நாற்பது கோடி ரூபாய்க்கும் மேல் செலவு. ஆனால் பொங்கலுக்கு அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் பழைய வாடிவாசலில்தான் மாடு அவிழ்க்கிறார்கள். மீதி நாட்களில் அரங்கத்தைச் சுற்றி டீக்கடை வைத்தவருக்கு என்ன வியாபாரம் நடக்கும்? தமிழ்நாட்டிலேயே அதிகமாக ஜல்லிக்கட்டு நடப்பது நம் மாவட்டத்தில். தச்சங்குறிச்சியில் தொடங்கி மாதக்கணக்கில் நடக்கிறது. அரங்கம் கட்டியா அது வளர்ந்தது?

அரங்கம் கட்டினால் பணம் புரளும் என்பவர்களுக்கு ஓர் எளிய கணக்கு. ஒரு குடும்பம் மாதத்தில் 500 ரூபாயைச் சினிமாவுக்கோ பிரியாணிக்கோ ஒதுக்குகிறது. ஸ்டேடியம் வந்துவிட்டதால் அந்த 500 ரூபாய் 1000 ஆகாது. சினிமாவுக்குப் போனது மேட்சுக்குப் போகும். இந்தப் பக்கத்துக் கடையில் விழுந்த காசு அந்தப் பக்கத்துக் கடையில் விழும். கட்டும்போது வேலை கிடைக்கும் என்பார்கள். கட்டி முடித்ததும் அந்த வேலை முடிந்துவிடும். லாபம் ஒப்பந்தக்காரரின் ஊருக்குப் போய்விடும். பராமரிப்புச் செலவு மட்டும் நம் ஊரிலேயே தங்கும். அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் ரோஜர் நோலும் ஆண்ட்ரூ ஜிம்பலிஸ்ட்டும் 1997இல் ஒரு நூல் தொகுத்தார்கள். பல நகரங்களின் ஸ்டேடியக் கணக்கை எடுத்துப் பார்த்து, போட்ட பொதுப் பணத்துக்கு ஏற்ற வளர்ச்சி எங்கும் வரவில்லை என்று சொன்னார்கள்.

டெட்ராய்ட் நகரத்தைப் பாருங்கள். கார் கம்பெனிகளால் வளர்ந்து, அவை வெளியேறியதால் நலிந்த நகரம். மக்களில் பத்துக்கு எட்டுப் பேர் கறுப்பின மக்கள். 2013 ஜூலையில் அந்த நகரம் திவால் மனு கொடுத்தது. அதே காலத்தில்தான் நகர மையத்தில் ஐஸ் ஹாக்கி அரங்கம் கட்டப் பொதுப் பணத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. 30 கோடி டாலருக்கும் மேல் மக்கள் பணம். 2014இல் தண்ணீர் கட்டணம் கட்டாத ஆயிரக்கணக்கான வீடுகளின் குழாயை அடைத்தார்கள். ஐ.நா. வல்லுநர்கள் வந்து பார்த்து, இது மனித உரிமை மீறல் என்று கண்டித்தார்கள். 2017இல் அரங்கம் திறக்கப்பட்டது. அதைச் சுற்றி வீடுகளும் கடைகளும் வரும் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். வருடங்கள் கழித்தும் அங்கே அதிகம் இருந்தவை கார் நிறுத்துமிடங்கள்தான்.

அது இனவெறியின் நாடு என்று நாம் தள்ளிவிட முடியாது. சாதியின் நாட்டில் இதைவிட ஒரு படி மேலே போனார்கள். 2010 அக்டோபரில் தில்லியில் காமன்வெல்த் விளையாட்டு நடந்தது. அதற்கு முன்பே, 2004இல், யமுனைக் கரையிலிருந்த குடிசைகளை இடித்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஊருக்கு வெளியே தூக்கிப் போட்டிருந்தார்கள். விளையாட்டுக்கான பணத்தில் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது தெரியுமா? பட்டியல் சாதி மக்களின் துணைத்திட்ட நிதியிலிருந்து. நம் மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கை நம் கல்விக்கும் வீட்டுக்கும் தொழிலுக்கும் ஒதுக்க வேண்டும் என்பதுதான் துணைத்திட்டம். அந்தப் பணத்தைத் தில்லி அரசு விளையாட்டுச் செலவுக்குத் திருப்பியது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் வெளியே வந்தது. அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் 2010 ஆகஸ்டில் மாநிலங்களவையில், சுமார் 678 கோடி ரூபாய் திருப்பப்பட்டதை ஒப்புக்கொண்டு, அது திரும்பத் தரப்படும் என்று சொல்ல நேர்ந்தது. அப்போது அவர் சிவகங்கைத் தொகுதி எம்.பி. நம் திருமயமும் ஆலங்குடியும் அந்தத் தொகுதியில்தான் இருக்கின்றன.

ஒரு தலித் மாணவிக்குப் போக வேண்டிய உதவித்தொகை புல்தரையும் மின்விளக்கும் ஆகியிருக்கிறது. அரங்கம் எல்லோருக்கும் பொது, தலித்துகளும் வந்து பார்க்கலாமே என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். சாலை போட்டாலும் பாலம் கட்டினாலும் 'இதில் தலித்துகளுக்கும் பங்கு' என்று நம் கணக்கில் எழுதுவது நீண்ட நாள் தந்திரம். கர்நாடகத்தில் 2013இல் கொண்டு வந்த சட்டத்திலேயே இதற்கு ஒரு பிரிவு இருந்தது. பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2023இல்தான் அந்த 7டி பிரிவை நீக்கினார்கள். தமிழ்நாட்டிலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டச் சட்டம் 2024 ஜூனில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் வந்துவிட்டது என்று தூங்கினால், நாளைக்கு நம் மாவட்டத்து அரங்கத்திலும் நம் பங்கு கரையும்.

நிலமும் இப்படித்தான் போகும். சென்னையை அழகுபடுத்துவதாகச் சொல்லிக் கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றியவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அவர்களில் பெரும்பாலோர் யார் என்று உங்களுக்குத் தெரியும். வேலை நகரத்தில், வீடு நகரத்துக்கு வெளியே. நகரத்துக்குள் ஒரு புதுச் சேரி உருவாகிவிடக் கூடாது என்பதற்காக நகரத்துக்கு வெளியே அடுக்குமாடிச் சேரி கட்டினார்கள். நம் மாநகராட்சியோடு அருகிலுள்ள ஊராட்சிகளை இணைத்தபோது நம் பெண்கள் கேட்ட முதல் கேள்வி, 'நூறு நாள் வேலை என்னாகும்?' என்பதுதான். ஊராட்சி என்ற தகுதி போனால் அந்த வேலை இல்லை. வீட்டு வரி மட்டும் மாநகராட்சிக் கணக்கில் வரும்.

பளபளக்கும் வீதியை விடியற்காலையில் கூட்டுவது யார்? 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் இரண்டு மண்டலங்களில் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து, ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போனது. புது மாநகராட்சியிலும் கட்டிடத்துக்குக் கோடியும் கூட்டுகிறவருக்குத் தினக்கூலியும் என்றால், அந்த வளர்ச்சி யாருடைய முதுகில் நிற்கிறது?

இந்த மாவட்டத்தின் பெயரை நாட்டுக்கே தெரியப்படுத்தியது எது என்பதையும் மறக்க வேண்டாம். 2022 டிசம்பர் 26 அன்று வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரிந்தது. குடித்த குழந்தைகள் நோயில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. விசாரிக்கப் போன அதிகாரிகள் பக்கத்து இறையூரில் இரட்டைக் குவளையைக் கண்டார்கள். அய்யனார் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைய முடியாததைக் கண்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 2025 ஜனவரியில், பாதிக்கப்பட்ட ஊரைச் சேர்ந்த மூன்று பேர் மீதே சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதை அந்த மக்கள் ஏற்கவில்லை. டெட்ராய்ட்டில் தண்ணீரை நிறுத்தினார்கள். இங்கே வந்த தண்ணீரும் அந்த நிலையில் வந்தது. இந்த மாவட்டத்தில் முதலில் காவல் போட்டுக் காக்க வேண்டிய பொதுச் சொத்து எது, தோழர்களே? எல்லோரும் அச்சமில்லாமல் குடிக்கிற ஒரு தொட்டி.

'எதைச் சொன்னாலும் வேண்டாம் என்கிறீர்களே, ஊரை எழுப்ப வேறு என்ன வழி?' என்று கேட்பார்கள். வழி வெளியூரில் இல்லை, இங்கேயே இருக்கிறது. 1991, 92இல் அறிவொளி இயக்கம் நடந்ததை இங்கே இருக்கும் மூத்த தோழர்கள் பார்த்திருக்கிறார்கள். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். பல்லாயிரம் பெண்கள் எழுத்துக் கற்றார்கள், சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். விவசாயக் கூலிகள், கல் உடைக்கிறவர்கள், தலித் பெண்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் பார் வைத்த சைக்கிளிலேயே ஏறி ஓட்டினார்கள். கல் குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டார்கள். அதுவரை உடைத்த கல்லுக்குக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனவர்கள் குத்தகைதாரர் ஆனார்கள். அதற்கு அரங்கம் தேவைப்படவில்லை. ஒரு பெண் சைக்கிளில் சந்தைக்குப் போனாள், பிள்ளையைப் பள்ளியில் விட்டாள், யாரிடமும் கேட்காமல் நகரத்துக்கு வந்து போனாள். குவாரி முதலாளிகள் சும்மா இருக்கவில்லை என்பதும், பிறகு அந்தக் குத்தகைகள் நிலைக்கவில்லை என்பதும் வேறு கதை. ஆனால் ஊர் எப்படி எழும் என்பதை இந்த மண் ஒரு முறை காட்டிவிட்டது.

2017இல் வந்த அரசு மருத்துவக் கல்லூரியைப் பாருங்கள். அதுவும் பெரிய செலவுதான். ஆனால் ஆண்டின் எல்லா நாளும் திறந்திருக்கிறது. ஏழை உள்ளே போக டிக்கெட் வேண்டாம். நம் பிள்ளைகள் இட ஒதுக்கீட்டில் அங்கே படிக்கிறார்கள். செலவு பெரிதா சிறிதா என்பதை வைத்து நாம் எதிர்க்கவில்லை. விளையாட்டும் வேண்டும். சேரிப் பையன் ஊர்ப் பொது மைதானத்தில் மட்டையைப் பிடித்தால் அடி விழுகிற நாடு இது. எல்லாப் பிள்ளைகளும் இறங்கி ஆட முடிகிற சிறு மைதானம் ஒவ்வொரு ஒன்றியத்திலும் வேண்டும். ஐயாயிரம் பேர் உட்கார்ந்து பார்க்கிற இடத்தைவிட ஐம்பது பேர் ஆடுகிற இடம் நமக்குத் தேவை.

ஆகவே எந்தப் பெரிய திட்டம் வந்தாலும் நாம் ஐந்து கேள்வி கேட்போம். பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது? துணைத்திட்டத்தில் ஒரு ரூபாயாவது அதில் எழுதப்பட்டிருக்கிறதா? நிலம் யாருடையது, அங்கே இருப்பவர்கள் எங்கே போவார்கள்? கட்டப்படும் கடைகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 18, 1 விழுக்காடு கிடைக்குமா, இல்லை ஏலத்தில் பணக்காரனுக்கே போகுமா? 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிக்காமல் தரைக்கடைக்காரரையும் தள்ளுவண்டிக்காரரையும் அகற்றக் கூடாது. அது கடைப்பிடிக்கப்படுகிறதா? அங்கே கூட்டப் போகிறவருக்கு நிரந்தர வேலையா, ஒப்பந்தக் கூலியா?

இந்த ஐந்துக்கும் நேரான பதில் கிடைத்தால் அந்தத் திட்டத்தை நாமே வரவேற்போம். பதில் இல்லையென்றால் அது ஊருக்கான திட்டம் இல்லை, ஒப்பந்தக்காரருக்கான திட்டம். கூட்டம் முடிந்ததும் வாசலில் தகவல் அறியும் உரிமை மனுவின் மாதிரி வைத்திருக்கிறோம். மாநகராட்சியின் வரவு செலவில் துணைத்திட்ட நிதி எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று கேட்கும் மனு அது. பத்து ரூபாய்தான் கட்டணம். வார்டுக்கு ஒருவராவது கையெழுத்துப் போட்டுக் கொண்டு போங்கள்.